படத்தினுள் உறையும் தேதி

1995ஆம் ஆண்டில் இல்ல உபயோகத்துக்கான டிஜிட்டல் வீடியோ நாடா வந்த காலந்தொட்டு, கேம்கார்டர் என்னும் யந்திரம், காட்சியை மாத்திரமன்றி, அது பதிவான தேதி, மணி, ஷட்டர் வேகம், லென்ஸ் துவாரத்தின் அளவு ஆகியவற்றையும், படத்தின்மேல் எழுதிக் கறைப்படுத்தாமல், அதனுள்ளேயே சூக்ஷ்மமாகக் குறித்து வந்திருக்கிறது. ஸோனி கேம்கார்டர்களில் ‘டேட்டா கோட்’ பொத்தானை அழுத்தினால் அவை திரையில் தோன்றும். 2006இல் ஸோனியும் பானஸோனிக்கும் சேர்ந்து வகுத்த ஏவிசிஹெச்டி என்னும் வீடியோப் பதிவு முறையிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

ஆயினும், சிறிதாக்கி அனுப்பும் அவசரத்தில் படத்தை மறுபதிவு செய்யும்போது இக்குறிப்புகள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன; கோப்பின் பெயருக்கருகே கணினி காட்டும் தேதியோ, பல சமயங்களில் நகலெடுத்த நாளேயன்றிப் படமெடுத்த நாளன்று. மறைந்துபோன பாட்டியின் குரல் எந்த வருஷத்தது என்று பேரப்பிள்ளைகள் அறியவேண்டாமா? மூலக்கோப்பு இருந்தால், எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருள் அதிலுள்ள இக்குறிப்புகளை இன்றும் வாசிக்கும். எனினும் சாமானியருக்காக, சாதாரண வீடியோ பிளேயர்களிலேயே இவ்வசதி அமையவேண்டும். அதுவரை மூலக்கோப்புகளை எவரும் அழிக்கலாகாது.