நகைச்சுவை நாடகமும் நம் மாணவரும்

நாடகம் என்றவுடனே அழுகையையும் வீரத்தையும் நினைத்தலே நம் மாணவரிடை வழக்கமாய்விட்டது. கல்லூரி ஆண்டு விழாவிலே மன்னன் மடிய வேண்டும். தாய் புலம்ப வேண்டும். இறுதியில் நீதி வெல்ல வேண்டும். நகைச்சுவையோ, இரு காட்சிகளுக்கிடையே திரை மாற்றும் பொழுதைப் போக்குதற்குரிய சிறு துணுக்காக மட்டுமே இடம் பெறுகின்றது. இது நகைக்கு இழைக்கும் குறை என்பதும், மாணவர் நாடகக் குழுக்கள் பழைய நகைச்சுவை நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்ற வேண்டும் என்பதும், அங்ஙனம் ஏற்றுங்கால் ஒரு பெரும் பொறுப்பை மறத்தலாகாது என்பதுமே யான் ஈண்டுக் கூறப் புகுந்தவை. அப்பொறுப்பைப் பற்றிப் பேச எனக்கு ஒருவகை உரிமையுண்டு. அதனை மறந்து தவறியவருள் யானும் ஒருவன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனையும் எண்ணுமிடத்து நகையையே முதற்கண் வைத்தனர். அழுகை அதன் பின்னரே வருகின்றது. நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனவும் அவர் வகுத்தனர். எள்ளலினாலும், இளமையினாலும், பேதைமையினாலும், மடனினாலும் நகை தோன்றும் என்பது அவர் கருத்து. இந்நான்கனுள் ஒன்றேனும் இல்லாத நகைச்சுவை நாடகத்தை எம்மொழியிலும் காண்டல் அரிது. ஆதலின் நகைச்சுவையை இழிந்ததெனக் கொள்வார்க்கு நம் பழைய இலக்கணம் துணை நில்லாது.

மாணவர் இத்துறையில் இறங்குதலும் புதிதன்று. 1891-ஆம் ஆண்டில் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயம் வெளிவந்தது. அதே ஆண்டில், கல்லூரி மாணவராயிருந்த பம்மல் சம்பந்த முதலியார், தம் நண்பர் சிலருடன் கூடிச் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். 1873-இல் பிறந்த அவர்க்கு அப்பொழுது வயது பதினெட்டே. பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லுவின் குழுவினர் நடித்த தெலுங்கு நாடகங்களைக் கண்டதே அவர்க்கு ஊக்கம் அளித்தது. நடிப்பவரைக் கூத்தாடி என்று இகழ்ந்த அக்காலத்தில், கற்றவரும் வழக்கறிஞரும் மேடையேற அச்சபை வழி திறந்தது. சத்தியமூர்த்தியும் அதன் மேடையில் நடித்தவரே. பெண்கள் மேடையேறாத நாளாதலின் பெண் வேடங்களையும் ஆடவரே பூண்டனர். சம்பந்த முதலியார் சேக்சுபியரின் அவல நாடகங்களை மட்டுமன்றி, ‘வாணீபுர வணிகன்’, ‘விரும்பிய விதமே’ என இன்பியல் நாடகங்களையும் தமிழாக்கினார். ஆயினும் மக்கள் நெஞ்சில் நீங்காது நின்றது அவர் தாமே படைத்த ‘சபாபதி’ என்னும் நகைச்சுவை நாடகம். அது 1941-இல் திரைப்படமாகவும் வெளிவந்து புகழ் பெற்றது.

இவ்வரலாற்றை வகுப்பிற் கேட்ட எங்களுக்கும் ஓர் ஆசை பிறந்தது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கங்களைச் சேர்ந்த மாணவ மாணவியர் பதின்மர் ஒன்று கூடினோம். சென்ற ஆண்டு ஆனி, ஆடித் திங்களில், குற்றாலத்திற் சாரல் பொழியும் பருவத்தில், நான்கு சனிக்கிழமை மாலைகளிலே தென்காசியில் ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, பழைய நகைச்சுவை நாடகப் பகுதிகளை நடித்தோம். கூத்தனுக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திர சபை விளங்கும் ஊர் குற்றாலம். அருவியாடி ஈரத் தலையுடன் திரும்புவோர் சிலரும், உள்ளூரார் பலரும் வந்தனர். கட்டணம் இல்லை, வாயிலில் ஓர் உண்டியல் மட்டும் வைத்திருந்தோம்.

முதல் வாரம் ‘சபாபதி’. அந்நாடகத்தில் தலைவனுக்கும் வேலைக்காரனுக்கும் பெயர் ஒன்றே. அறிவும் ஏறக்குறைய ஒன்றே. சொன்ன சொல்லைச் சொன்னவாறே பற்றிக்கொண்டு காரியத்தைக் கெடுப்பவன் அவ்வேலைக்காரன். அவ்வேடம் எனக்குக் கிடைத்தது. அம்மண்டபத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, எங்களுக்குத் தேநீர் வாங்கிவரும் முதியவர் ஒருவர் இருந்தார். எவரேனும் ஏவினால் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏவியவர் கூறிய கடைசிச் சொல்லைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பின்னரே நகர்வது அவர் வழக்கம். யான் அதனை அப்படியே மேடையிற் செய்தேன். ஊரார் கண்டுகொண்டனர், மண்டபம் அதிரச் சிரித்தனர். அன்று என்னினும் மகிழ்ந்தவர் எவருமிலர்.

கூட்டம் கலைந்தபின் அம்முதியவர் வழக்கம்போற் பெருக்கிக்கொண்டிருந்தார். யான் அருகிற் சென்று, “எப்படி இருந்தது தாத்தா?” என்று வினவினேன். அவர் நிமிராமலே, “நல்லாத்தான் நடிச்ச, தம்பி. எம்பேரன் பார்க்கணும்னு நின்னான். கூட்டிட்டு வராதது நல்லதாப் போச்சு” என்றார். அவர் குரலிற் சினமில்லை. சினந்திருப்பின் யானும் ஏதேனும் மறுமொழி கூறியிருப்பேன். ஒன்றும் கூறாது வீடு சேர்ந்தேன்.

மறுநாள் மெய்ப்பாட்டியலை மீண்டும் எடுத்துப் படித்தேன். தேர்வுக்காகப் படித்த நூற்பாவிற்குப் பேராசிரியர் எழுதிய உரையில் யான் முன்பு கருதாது கடந்த ஒரு பகுதி இருந்தது. எள்ளல் இருவகைப்படும் என்கின்றார் அவ்வுரையாசிரியர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. முதல் வகை எளிது. வன்மையுடையவன் எவனும் அதனைச் செய்யலாம். இரண்டாவது வகை அரிது. எள்ளப்பட்டவனும் தன்னை மறந்து உடன் நகுமாறு செய்ய வல்லதே சிறந்த நகைச்சுவை என்பது அன்று எனக்குத் தோன்றிய முடிபு. இவ்வளவைக் கொண்டே எஞ்சிய நாடகங்களையும் நோக்கத் தலைப்பட்டோம்.

இரண்டாம் வாரத்துக்குக் குற்றாலக் குறவஞ்சியை எடுத்திருந்தோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்திற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய நூலன்றோ அது! மதுரை முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவர்க்குப் பரிசாக அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்றே வழங்கியது. இந்நெல்லை மண்ணில் 1774-இற் பிறந்த வேதநாயக சாத்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியமையால், நம் திருச்சபையார்க்கும் இவ்வகை நூல் அயலானதன்று. முதலில் யாங்கள் சிங்கனைக் கள்ளுண்டு தள்ளாடுபவனாகவும், கொச்சை பேசுபவனாகவும் அமைத்திருந்தோம். நூலைப் பார்த்தால் அப்படியில்லை. ஊரூராய்க் குறி சொல்லி அணிகலன்கள் பெற்று மீளும் சிங்கியைச் சிங்கன் காண்கின்றான். அவள் காலிற் கிடப்பதை விரியன் பாம்பென மருள்கின்றான். அவளோ அது சேலத்தில் குறி கூறிப் பெற்ற சிலம்பென விளக்குகின்றாள். இங்ஙனம் ஒவ்வோர் அணியாக வினாவும் விடையும் தொடர்கின்றன. நகை பிறப்பது குலத்தினாலன்று; உழைத்துத் தேடிய மனைவியின் முன்னே திகைத்து நிற்கும் கணவனின் பேதைமையால். அது எக்குலத்தார் வீட்டிலும் உள்ளதே. சிங்கியாக நடித்த மாணவி வேண்டாத கோணங்கித்தனங்களை நீக்கி, நூலிலுள்ள வினாவிடையை மட்டும் தெளிவாகப் பேசினார். சிரிப்பு முன்னினும் குறையவில்லை. பெண்கள் அமர்ந்திருந்த பக்கத்தில் மிகுந்தே எழுந்தது.

குற்றால மலையிற் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியே ஓடிச் சீவலப்பேரிக்கருகில் தாமிரவருணியோடு கலக்கின்றது. அக்கூடலைப் பாடியது முக்கூடற் பள்ளு. அதுவே எங்கள் மூன்றாம் வார நாடகம். குழுவில் ஒருவர், “என் முன்னோரைச் சேற்றில் நிறுத்திப் பாடிய நூல், அதனை மேடையிற் காண எனக்கு விருப்பமில்லை” என்றார். அவர் தயக்கம் நேர்மையானது. நூலை முற்றும் படித்தபின் முடிவு செய்க என அவரிடமே விட்டோம். படித்துவந்த அவரே, பண்ணைக்காரன் வரவை நடிக்கலாம் என்றார். அங்கே நகைக்கு இடமாகும் உருவும் நடையும் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் பண்ணைக்காரனுடையவை. மூத்தவளும் இளையவளும் ஒருவர் தெய்வத்தை மற்றவர் ஏசும் பகுதியைச் சைவ வைணவக் குடும்பங்களைச் சேர்ந்த மாணவியர் இருவரே பேசினர். கிறிஸ்தவனாகிய யான் அதனைப் பேசியிருப்பின், சொல் ஒன்றாயிருந்தும் பொருள் வேறாயிருக்கும். எள்ளப்படுவது யாது என்பதைப் போலவே, எள்ளுபவர் யாவர் என்பதும் நகையின் தன்மையை மாற்றுகின்றது.

இவ்வுண்மையை நம்மவர் மற்றொரு நாடகத்திலும் காண வேண்டும். சேக்சுபியரின் வெனிசு வணிகன் 1623-ஆம் ஆண்டுத் தொகுதியில் இன்பியல் நாடகங்களோடு வைக்கப்பட்டுள்ளது. அதில் எள்ளப்படுபவன் யூதன், எள்ளுபவர் கிறிஸ்தவர். இறுதியில் அவன் கிறிஸ்தவனாக வேண்டும் என்பதும் தண்டனையின் ஒரு பகுதியாகின்றது. நம் சமயத்திற் சேர்தலைத் தண்டனையாக விதிக்கும் காட்சியிற் கைகொட்டுவது நமக்கு அழகாகுமோ? அதனை எங்கள் நிரலிற் சேர்க்கலாகாது என்று வாக்களித்தவருள் யானும் ஒருவன். இன்று அது பிழையென்று எண்ணுகின்றேன். அதனை மறைத்தலினும், ஷைலாக்கும் மனிதனே என்று காண்பார் உணருமாறு நடித்தலே தக்கது.

சிலர் கூறுவர்: இங்ஙனம் ஒவ்வொருவர் மனத்தையும் நோக்கிக்கொண்டிருப்பின் நகையே எழாது, நாடகம் நீதிபோதனையாகிவிடும் என்று. இவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. எவரையும் எள்ளாத நகை உப்பில்லாப் பண்டமே. ஆயினும் எள்ளுதற்கு உரியோர் உலகிற் பஞ்சமில்லை. ஆரவாரம் மிக்க தலைவன், தன்னை அறிவாளியென மதிக்கும் மூடன், செல்வத்தாற் செருக்குற்றவன், தேர்வில் வெற்றி பெற்றுவிட்டுத் தமிழைக் கரைகண்டதாக எண்ணும் சிறப்புத் தமிழ் மாணவன் ஆகிய இவர்களை எள்ளுக; தடையில்லை. மறுமொழி கூற இயலாது கதவோரத்தில் நிற்பவனை எள்ளுதற்கு மட்டும் துணிவு வேண்டுவதில்லை. அதனாலேயே அது கலையுமன்று.

நான்காம் வாரம் ‘சபாபதி’யையே மீண்டும் நடித்தோம். யான் துண்டையும் கடைசிச் சொல்லையும் விட்டுவிட்டேன். ஏவல் பிழைப்பதற்கு ஏவுபவன் குழப்பமே பாதிக் காரணம் என்பது விளங்குமாறு தலைவனாக நடித்தவர் தம் ஆரவாரத்தை மிகுவித்தார். சிரிப்பு முதல் வாரத்தளவு பெரிதாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். அம்முதியவர் வாயிலருகே நின்று பார்த்தார். தலைவன் தானே தொலைத்த பொருளுக்கு வேலைக்காரனைக் கடிந்த இடத்தில் அவர் சிரித்தார். பேரன் வந்திருந்தானா என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

ஆதலின் நம் கல்லூரி மாணவர்க்கு யான் விடுக்கும் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் சாரற் பருவத்தில் நான்கு பழைய நகைச்சுவை நாடகங்களைத் தென்காசியிலேனும் குற்றாலத்திலேனும் நடிப்போமாக. அதற்கு மூன்று கட்டுப்பாடுகளை நாமே மேற்கொள்வோமாக. நூலை முழுதும் படித்த பின்னரே அதிற் கைவைத்தல் வேண்டும். அவ்வூரில் வாழும் எளியவர் ஒருவரின் நடையையும் பேச்சையும் அவர் அறியாது மேடைக்குக் கொணர்தல் கூடாது. நாடகத்தில் எவர் தொழிலும் வாழ்வும் காட்டப்படுகின்றனவோ, அவர்களை முன்வரிசையில் அமர அழைத்தல் வேண்டும். இம்மூன்றாவதே கடினம், இதுவே உரைகல்லுமாம். முன்வரிசையில் அவர்கள் இருக்க நாம் பேசக் கூசும் சொல் எதுவோ, அதனைப் பின்வரிசையில் அவர்கள் நிற்கும்பொழுதும் பேசாதிருப்போமாக.