அழித்துவிட்டால் மானம் காக்கப்படுமா?

2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’. 2022 ஜனவரி முதல் நாளில் ‘புல்லி பாய்’. முஸ்லிம் பெண்களின் புகைப்படங்களைத் திருடி, அவர்களை ஏலம் விடுவதாகக் காட்டிய இரண்டு செயலிகள் இவை. முதலாவதன் மீது டெல்லி போலீஸ் உடனே வழக்குப் பதிந்தும் ஆறு மாதம் ஒருவரும் கைதாகவில்லை. இரண்டாவது செயலி வந்து, மும்பை போலீஸ் சில நாட்களில் கைதுகளைத் தொடங்கிய பிறகே முதல் வழக்கிலும் கைது நடந்தது. அந்தத் தாமதத்துக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வழக்கு நகர்ந்ததற்கு ஒரு காரணம், பாதிக்கப்பட்ட சகோதரிகள் ஆதாரங்களோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்ததுதான்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. யாரோ ஒருவன் பெண் பிள்ளைக்கு ஆபாசச் செய்தி அனுப்பினால், செய்தியை அழிக்கிறோம், எண்ணை மாற்றுகிறோம், பிள்ளையின் ஃபோனைப் பிடுங்குகிறோம். சில வீடுகளில் படிப்பும் நின்றுபோகிறது. குற்றவாளி சுதந்திரமாக இருக்கிறான். அவனுக்கு எதிரான ஆதாரத்தை நம் கையாலேயே அழித்துவிடுகிறோம்.

சென்னை வழக்கு சொல்வது என்ன?

ஆவணங்கள் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. மறுமணத்துக்கு மறுத்த விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில், அவரே அழைப்பது போல ஒருவன் யாஹூ குழுக்களில் ஆபாசச் செய்திகளைப் போட்டான். அந்தப் பெண்ணுக்குத் தொல்லை அழைப்புகள் குவிந்தன. 2004 பிப்ரவரியில் அவர் புகார் கொடுத்தார். மும்பையில் இருந்தவனைப் போலீஸ் பிடித்து வந்தது. மார்ச் 24-ல் 18 சாட்சிகள், 34 ஆவணங்களுடன் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

எதிர்த்தரப்பு வாதத்தைக் கவனியுங்கள். புகார் கொடுத்த பெண்ணோ, அவருடைய முன்னாள் கணவரோதான் அந்தச் செய்திகளைப் போட்டிருப்பார்கள் என்றார்கள். மின்னணு ஆவணங்கள் செல்லாது என்றார்கள். பெண்ணின் கண்ணீர் மட்டும் இருந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். நிபுணர்களின் சாட்சியமும், இணைய மையம் நடத்தியவர்களின் சாட்சியமும் நீதிமன்றத்தில் நின்றன. நவம்பர் 5-ல் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் நாட்டின் முதல் தண்டனையாக இது குறிப்பிடப்படுகிறது.

மார்க்கத்தின் வழி

ஆதாரம் காட்டும் பொறுப்பு வாதியுடையது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. கடனை எழுதி வைக்கும்படி 2:282 வசனம் கட்டளையிடுகிறது. பொருளுக்கே எழுத்து வேண்டும் என்றால் மானத்துக்கு வேண்டாமா? யூசுஃப் (அலை) அவர்கள் மீது பழி விழுந்தபோது, சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்த்தே உண்மை தெளிவானது. தடயம் பாதிக்கப்பட்டவரையும் காக்கும், வீண்பழி சுமத்தப்பட்டவரையும் காக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் அவரைத் தொடர்புகொள்ள மீண்டும் மீண்டும் முயல்வதும், அவரது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 ஆண்டுகள் வரையும், மறுமுறை 5 ஆண்டுகள் வரையும் சிறை.

எனவே எதையும் அழிக்காதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவரின் கணக்கு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அசல் ஃபோனைப் பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் பெறும்போது அது தேவைப்படும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இணையவழியில் கொடுத்தால் 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். சமரசம் பேசி முடிக்கும் அவசரத்தில் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். அந்தச் சகோதரியுடன் காவல் நிலையம் வரை போக ஓர் ஆளை அனுப்புங்கள்.

நம் பெண் மக்களின் கண்ணியத்தை அல்லாஹ் காப்பானாக! அநீதிக்கு எதிராக நீதியுடன் நிற்கும் துணிவை நமக்கும் தருவானாக!