அத்திக்குக் கூரை எதற்கு?

மொட்டை மாடியில் தொட்டிச்செடி வளர்க்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீமை அத்திக்குப் பாலித்தீன் குடில் கட்டாதீர்கள். கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். நான் பிரித்துவிட்டேன். அதற்கு முன் இரண்டு மாதம் தயங்கினேன். கட்டிக் கொடுத்தவன் என் மகன்.

அவன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் பல செடிகளைக் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால்தான் பிழைக்கும். போன வருஷம் லீவில் புதுச்சேரி வந்தவன், "மழையில நனையுதுப்பா" என்று என் ஆறு அத்தித் தொட்டிகளுக்கும் இரும்புக் குழாய் நட்டு, மேலேயும் நாலு பக்கமும் தாள் போர்த்திவிட்டுப் போனான். எனக்கும் பெருமைதான்.

ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தது. இலையின் மேற்புறம் மஞ்சள் புள்ளிகள், பிறகு பழுப்பு. திருப்பிப் பார்த்தால் அடியில் செம்மஞ்சள் பொடி, விரலில் ஒட்டுகிறது. அதுதான் துரு நோய். காயைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் இலை கொட்டிவிட்டால் காய்க்கு உணவு ஏது? கார்த்திகை முடிவதற்குள் நாலு செடிகள் மொட்டை. காய்கள் சுண்டைக்காய் அளவிலேயே நின்றுவிட்டன.

உரக்கடையில் ஒரு பூஞ்சைக்கொல்லி கொடுத்தார்கள். மூடிய குடிலுக்குள் எழுபத்து மூன்று வயதில் மருந்தடித்துவிட்டு இரவெல்லாம் இருமினேன். பத்து நாளில் புதுத் துளிரிலும் பொடி.

பிறகுதான் பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் வாத்தியார் சொன்ன 'பூயி போர்தலேஸ்' ஞாபகம் வந்தது. பூயி என்றால் கஞ்சி. போர்தோ ஊர்க் கஞ்சி! வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமலிருக்க, மெதோக் பகுதிக்காரர்கள் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பார்களாம். அந்தக் கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பியதைக் கவனித்த பேராசிரியர் மில்லார்தே, 1885-இல் அதை மருந்தாக வெளியிட்டார். துருவுக்கும் இது உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் துத்தம், பத்து கிராம் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான ஆணியை நனைத்தால் செம்பு நிறம் ஏறக் கூடாது. ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றைக்கே தெளித்துவிட வேண்டும், மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு.

ஆனால் இது நோய் வருமுன் இலைக்குப் போடும் சட்டை. உள்ளே புகுந்துவிட்ட துருவை வெளியேற்றாது. தொட்டி மண்ணில் செம்பு சேரும் என்பதால் அடிக்கடி தெளிக்கவும் கூடாது. மருந்தை மட்டுமே பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. இலைமேல் ஈரம் நின்றால்தான் துருவின் வித்து முளைக்கும். நம் கடலோர ஊரில், மூடிய தாளுக்குள் விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழையைத் தடுக்கக் கட்டியது, தானே மழை பெய்கிறது! அத்தியோ மத்தியதரைக் கடற்கரை மரம். வெயிலும் காற்றும் கேட்கும்.

மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "குழாயை மட்டும் விட்டுடுங்கப்பா, அவரைக்கொடி ஏத்தலாம்" என்றான்.

பக்கத் தாள்களை அன்றே அவிழ்த்தேன். மேல் தாளைப் பொங்கலுக்குப் பிறகு. உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, பையில் கட்டிக் குப்பைவண்டியில் போட்டேன். உரத்துக்கென்று தொட்டியில் போடவில்லை. தொட்டிக்குத் தொட்டி ஒரு முழம் இடைவெளி. பூவாளிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று; காலையில் வேரடியில் மட்டும் தண்ணீர். துளிர் விட்டதும் வாத்தியாரின் கஞ்சி ஒரு தடவை.

ஒரு செடி பட்டுப்போனது. மற்ற ஐந்தும் தழைத்துவிட்டன, இரண்டில் காய் பிடித்திருக்கிறது. தினமும் மூக்குக்கண்ணாடியோடு போய் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன். போன ஞாயிறு படமெடுத்து மகனுக்கு அனுப்பினேன். "அவரை எங்கப்பா?" என்று கேட்டிருந்தான். ஆடி வரட்டும் என்று பதில் போட்டேன்.