கூடாரமும் கூத்தும் தமிழனுக்குப் புதியனவா?

இராசபாளையத்திற்கு மேற்கே, மேற்குமலைத் தொடரின் அடியில், ஆற்றங்கரையிற் கோவில்கொண்ட அய்யனாருக்கு மக்கள் இட்ட பெயர் நீர்காத்த அய்யனார் என்பது. அவ்வாற்று நீரே ஆறாம் மைல் நீர்த்தேக்கத்தை அடைந்து இராசபாளையத்தார்க்குக் குடிநீராகிறது. பெயரிலேயே கடமையைப் பொதிந்து வைத்தனர் முன்னோர். ஆனால், காரி, ஞாயிறுகளில் இத்தகைய மலையடி நீர்த்துறைகளுக்குச் செல்வோரிற் பலர் செய்வது என்ன? ஒலிப்பெட்டியில் திரைப்பாட்டை அலறவிடுவதும், உண்ட இலையோடு நெகிழிப் பையையும் ஆற்றில் எறிவதும், இருட்டுமுன் வீடு திரும்புவதுந்தாமே!

இவர்களுள் படித்த இளைஞர் சிலர், இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரில் 1965இல் தொடங்கி நெடுங்காலம் கோடைதோறும் நடந்துவந்த நாட்டுப்புற இசைவிழாவை வியந்து பேசுவர். திடலிற் கூடாரமடித்து, இரவும் பகலும் அங்கேயே தங்கிப் பாட்டுக் கேட்கும் அந்நாட்டாரைப் பழிப்பதற்கில்லை, பாராட்டவே வேண்டும். ஆனால், அப்படியொன்று நம்மிடம் இல்லையே என்று ஏங்குவதுதான் அறியாமை.

அதே மலைத்தொடரில் தெற்கே, பாவநாசத்திற்கு மேல், காரையாற்றுக் காட்டில் சொரிமுத்து அய்யனார் கோவில் உள்ளது. ஆடிக் காருவா (அமாவாசை) விழாவிற்கு மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, பொருநைக் கரையிற் குடிலும் கூடாரமும் இட்டு, அடுப்பு மூட்டிச் சமைத்துண்டு, பன்னாள் தங்குதல் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

அங்குக் கோவில்கொண்டுள்ள பட்டவராயனே முத்துப்பட்டன் கதையின் தலைவன். பார்ப்பனக் குடியிற் பிறந்தும், அருந்ததியர் குடிப்பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்தம் குடித்தொழிலையே தன் தொழிலாக ஏற்று, பண்டைக் கரந்தை மறவரைப்போல் ஆநிரை கவர்ந்த கள்வரொடு பொருது மாண்டவன் அவன். அவனுக்கு மக்கள் இன்றும் படைப்பது தோற்செருப்பு! பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்தோர் இழிவென்று ஒதுக்கிய பொருளையே படையற் பொருளாக்கியது இம்மக்கள் வழிபாடு. அவ்வரலாற்றை ஊரூராகக் கொண்டு சென்றது வில்லுப்பாட்டு. பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப்பாடலை அச்சேற்றிக் காத்தார். எனினும், அச்சு பாட்டின் சொற்களைக் காக்குமேயன்றிப் பாடும் இரவைக் காக்காது.

அவ்விரவே இக்கலைகளின் உயிர்நிலை. வீசுகோல் வில்லில் விழ, குடமும் உடுக்கையும் கட்டையும் உடன்முழங்க, கதை மெல்ல வளர்ந்து விடியலை நோக்கி நடக்கும். நெல்லைப் பகுதிக் கோவிற் கொடைகளில் நிகழும் கணியான் கூத்தும் அத்தகையதே. அண்ணாவி பாட, மகுடம் இரண்டனுள் ஒன்று உச்சமும் மற்றொன்று மந்தமுமாக ஒலிக்க, பெண்கோலம் பூண்ட ஆடவர் ஆட, ஊரே விழித்திருந்து கேட்கும். 2007இல் தொடங்கிய சென்னைச் சங்கமம் 2023இல் மீண்டும் நடத்தப்பெற்று, நாட்டுப்புறக் கலைஞர்க்கு நகர மேடை தந்தது நன்றே. ஆயினும், சில மணித்துளிகளில் முடியும் மேடைக்காட்சி கொய்த பூவைப் போன்றது. கோவிற் கொடையாகிய வேர் கருகினால், மேடைக்குப் பூ எங்கிருந்து வரும்?

வேர் கருகும் நிலைதான் வந்துள்ளது. களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988இல் அமைந்தது. திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. காரையாற்றில் தங்கும் நாள்கள் குறைக்கப்பட்டன; திருவில்லிபுத்தூரை அடுத்த சதுரகிரி மலையில் இரவுத் தங்கல் தடுக்கப்பட்டது. இதற்குக் காட்டுத்துறையை மட்டும் குறைகூறுதல் எளிது. கழித்த துணியையும் நெகிழியையும் வழலை நுரையையும் பொருநையிற் கலந்த கை யாருடையது? யானையும் புலியும் நீருண்ணும் ஆற்றை அழுக்காக்கிவிட்டு, எம் மரபைத் தடுக்காதே என்று முழங்குவது முறையாகுமா? மற்று, மக்களை முற்றும் விலக்குவதே காட்டைக் காக்கும் வழி என்னும் எண்ணமும் பிழையே. கோவிற்காடு என்று சொல்லி ஒரு கிளையையும் வெட்டாது காத்தவர் இம்மக்களின் முன்னோரே அல்லரோ?

எனவே, நாளும் ஆள்தொகையும் வரையறுத்து, விழாக்காலத்தில் இரவு தங்க இடமொதுக்கி, அவ்விரவுகளை வில்லுக்கும் மகுடத்திற்கும் உரியனவாக்குதல் அரசின் கடன். காட்டினுள் தங்க ஒண்ணாத இடங்களில், காட்டெல்லைக்கு வெளியே ஊர்த்திடலிலேனும் விடியவிடியப் பாட்டு நிகழ்தல் வேண்டும். அதற்குக் கலைஞரை அழைத்து, உரிய ஊதியம் தந்து, இறுதிவரை இருந்து கேட்பது ஊரார் கடன்.

தமிழிளைஞர் கூடாரத்தை எடுத்துச் செல்லட்டும். ஒலிப்பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லட்டும். கொண்டுபோன நெகிழியைத் தம் கையாலேயே திரும்பக் கொண்டுவரட்டும். நீர்காத்தவனை வணங்குவோர்க்கு நீரைக் காப்பதே முதற்படையல். அவன் திடலில் தமிழ்ப்பாட்டை ஓயாது ஒலிக்கச் செய்வதே அடுத்த படையல்.