யந்திரத்தைக் கொல்கிறவர்கள் யார்?



நம் வட்டாரத்துத் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில் டம்பர் ஒன்று கவிழ்ந்தது. சுரங்கத்தின் பெயரை இப்போது எழுதப் போவதில்லை. விசாரணையை எதிர்நோக்கி நிற்கும் தொழிலாளியின் வயிற்றில் அடிக்க நமக்குச் சம்மதமில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் இருக்கவும் முடியாது.

பாரம் ஏற்றிக் கொண்டு சரிவுப் பாதையில் ஏறிய வண்டி நடுவழியில் நின்றது. பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பின்னோக்கி உருண்டு, பாதை ஓரத்து மண்கரையில் ஏறிச் சாய்ந்தது. ஓட்டிய தோழருக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த மண்கரை மட்டும் இல்லாதிருந்தால் வண்டியும் ஆளும் பள்ளத்தின் அடியில்தான் கிடந்திருப்பார்கள்.

மறுநாளே நிர்வாகத்தின் தீர்ப்பு வந்துவிட்டது. ஓட்டுநரின் கவனக் குறைவாம்!

ஆஸ்பத்திரியில் அந்தத் தோழரைப் பார்த்தேன். "மூணு நாளா லாக் புக்கில் எழுதிக் குடுத்தேன், அண்ணே. டேங்கிலே காத்து நிக்கலே, பிரேக் பிடிக்க நேரமாவுதுன்னு எழுதினேன். இன்னிக்கு லோடை முடி, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அவர் கட்டிலில் கிடந்தார்.

மூன்று நாள் எழுதியவன் கவனக் குறைவானவன். மூன்று நாள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் கவனமானவர்! இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

எட்டு கிலோமீட்டர் தூரம்

இதை விடக் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சுரங்கம். அங்கேயும் அதே மாதிரி டம்பர்கள்தான் ஓடுகின்றன. மழைக்காலத்தில் அங்கும் இதே கோளாறு வந்திருக்கிறது. அங்குள்ள மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரை வடிக்கிற திருகு, பாதையிலிருந்து தெறிக்கும் சேற்றில் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் வெளியே போகாமல் தொட்டியிலேயே தங்கிற்று. காற்று நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரும் துருவும் பிரேக் வால்வில் போய்ச் சிக்கிக் கொண்டன.

அவர் என்ன செய்தார்? பழைய இரும்புத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, சேறு படாதபடி திருகுக்கு மறைப்பு வைத்தார். ஒவ்வொரு ஷிப்டும் ஆரம்பிக்கும்போது திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும் என்று ஓட்டுநர்களிடம் சொல்லி வைத்தார். அவ்வளவுதான். அங்கே அந்தக் கோளாறு மீண்டும் வரவில்லை.

ஒரு துண்டுத் தகடு! ஷிப்டுக்கு இரண்டு நிமிஷம்! இந்தச் செய்தி எட்டு கிலோமீட்டர் நடந்து வரவில்லை. அதனால் ஒரு தொழிலாளியின் கால் போயிற்று.

ஏன் வரவில்லை? அந்த மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. கோளாறு வந்தது என்று எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும். ஆகவே கோளாறே வரவில்லை என்று காட்டுவதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். ஒரு சுரங்கம் தன் கோளாறை மறைக்கிறது. அடுத்த சுரங்கம் அதே கோளாறுக்கு ரத்தத்தில் விலை கொடுக்கிறது.

யந்திரம் எப்படிச் சாகிறது?

பெரிய யந்திரம் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் சிறிதாக முனகும். பிறகு சூடாகும். பிறகு எண்ணெய் கசியும். அதற்குப் பிறகுதான் உடையும். பக்கத்தில் நிற்கிற தொழிலாளிக்கு முனகும்போதே தெரிந்துவிடும். அலுவலகத்தில் இருப்பவருக்கு உடைந்த பிறகுதான் தெரியும்.

கன்வேயரை எடுத்துக் கொள்ளுங்கள். பெல்ட்டைத் தாங்கி ஓடும் ரோலர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பேரிங் தேய்ந்து சுழலாமல் நின்றுவிட்டால், அதன்மேல் பெல்ட் உரசிக் கொண்டே ஓடும். ரோலர் கொதிக்கும். அதன் அடியில் நிலக்கரித் தூள் குவிந்து கிடந்தால் தீப்பிடிக்கும். ஒரு ரோலரை மாற்றச் சோம்பியவர்கள் பெல்ட்டையே கொளுத்திவிடுகிறார்கள்.

எக்ஸ்கவேட்டரில் ஹைட்ராலிக் குழாய் வெடிப்பு விட்டிருந்தால், அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் புகைபோலச் சீறி வெளியே வரும். அது எஞ்சினின் சூடான பாகத்தில் பட்டால் அடுத்த நிமிஷம் நெருப்புத்தான். குழாய் ஒன்றோடொன்று உராயும் இடத்தில் ஒரு பட்டை போட்டுக் கட்டியிருந்தால் அந்த நெருப்பு இல்லை.

டம்பர் டயர் ஏன் சீக்கிரம் போகிறது? பாதையில் சிதறிக் கிடக்கும் கல்லாலும், அளவுக்கு மீறிய பாரத்தாலும், காற்றுக் குறைவாலும் போகிறது. பாரவண்டிப் பாதையின் ஏற்றம் 16 அடிக்கு ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டுச் சுரங்க வேலையில் வெகுநாளாக உள்ள பொதுவான வரம்பு. இந்த வரம்பு யந்திரத்துக்கும் மனிதனுக்கும் சேர்த்துத்தான். பாதையைச் செப்பனிடுகிறவன் பிரேக்கையும் கியரையும் டயரையும் சேர்த்தே காப்பாற்றுகிறான். ஆனால் பாதை போடும் கூலிக்காரனைப் பராமரிப்புத் தொழிலாளி என்று யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

இன்னும் எளிய விஷயம் வண்டியைக் கழுவுவது. சேறு மூடிய சட்டத்தில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, கசிவும் தெரியாது. கழுவினால் இரண்டும் தெரியும். அதற்குப் பிறகு கிரீஸ். கிரீஸ் துப்பாக்கியின் வாயைத் துடைக்காமல் அடித்தால், கிரீஸோடு மணலும் பேரிங்குக்குள் போகும். அதற்குப் பெயர் பராமரிப்பு அல்ல, மெதுவான கொலை. கழற்றி வடிக்கும் எண்ணெயைக் கீழே கொட்டிவிடாமல் ஒரு சிறு குப்பியில் எடுத்துப் பரிசோதித்தால், எந்த உலோகம் தேய்ந்து வருகிறது, தூசி எவ்வளவு நுழைகிறது என்று யந்திரத்தைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம்.

இவற்றில் ரகசியம் ஏதாவது உண்டா? இல்லை. செய்வதற்கு நேரமும், சொல்வதற்கு உரிமையும் வேண்டும். அவைதான் மறுக்கப்படுகின்றன.

நெய்வேலி சொன்ன பாடம்

நெய்வேலியின் ஆரம்ப நாட்களை நினைத்துப் பாருங்கள். 1956-ல் ஸ்தாபனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு தோண்டும் வேலையைத் துவக்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இடையில் நான்கு வருஷம் அந்தத் தொழிலாளிகளும் என்ஜினீயர்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வாளிகள் பூட்டிய பெரிய சக்கரம் சுழன்று மண்ணை வெட்டும் யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இங்கே நிலக்கரிக்கு மேலே கிடந்ததோ கடினமான மணற்பாறை. உரைகல்லில் தேய்ப்பது போல வாளிப் பற்களை அது தேய்த்துத் தள்ளியது. யந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகு வெட்டும் முறை இங்கே வந்தது.

நிலக்கரிக்குக் கீழே இன்னொரு சத்துரு: அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீர். இரவும் பகலும் பம்புகள் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சுரங்கத்தின் தரையையே பெயர்த்துக் கொண்டு வரும். அங்கே பம்பைப் பராமரிக்கிறவன் சுரங்கத்தையே பராமரிக்கிறான்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? யந்திரத்தோடு வருகிற புத்தகம் பாதிதான். மற்றப் பாதியை அந்த மண்ணில், அந்த வெயிலில், அந்தச் சேற்றில் வேலை செய்கிறவன்தான் எழுத வேண்டும். அவன் கையில் பேனா கொடுக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

கனவான்கள் சொல்லும் சாக்குகள்

"நேரம் இல்லை, உற்பத்தி நின்றுவிடும்" என்கிறார்கள். வெட்டும் யந்திரம், கன்வேயர்கள், மண்ணைக் கொட்டிப் பரப்பும் யந்திரம் ஆகியவை சங்கிலிபோல் கோத்து நிற்கின்றன. ஒரு கண்ணி அறுந்தால் முன்னும் பின்னும் எல்லாமே நிற்கும். இரண்டு மணி நேரம் திட்டமிட்டு நிறுத்த மனமில்லாதவர்கள் இரண்டு வாரம் திட்டமில்லாமல் நிறுத்துகிறார்கள். இதுதான் இவர்களுடைய உற்பத்திக் கணக்கு!

"இப்போது யந்திரமே தன் நோயைச் சொல்கிறது, கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்ளும்" என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். சூட்டையும் அதிர்வையும் அளக்கும் கருவி நல்ல கருவி. ஆனால் அந்தச் செய்தி யாருக்குப் போகிறது? எங்கோ ஒரு நகரத்து அலுவலகத் திரைக்குப் போகிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு சிவப்பு விளக்கு. அதன் அர்த்தத்தைச் சொல்லும் புத்தகம் இங்கிலீஷில். கருவி சொன்ன பிறகும் வண்டியை நிறுத்தும் அதிகாரம் அவனுக்கு இல்லையென்றால், கருவி இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

"பராமரிப்பைக் காண்டிராக்டில் விட்டால் செலவு குறையும்" என்கிறார்கள். குறைவது எது? ஒரு யந்திரத்தின் சத்தத்தைப் பழகி அறிய வருஷங்கள் ஆகும். காண்டிராக்டர் மாறுகிறார், ஆட்கள் மாறுகிறார்கள், பழகிய காது வெளியே போய்விடுகிறது. நாளை வேலை உண்டா என்று தெரியாத தொழிலாளி, "இந்த வண்டி ஓடக் கூடாது" என்று எப்படி வாய் திறப்பான்? அவன் வாயை மூடினால், யந்திரத்தின் வாயையும் மூடியதாகத்தான் அர்த்தம்.

நம்மிடமும் குறை உண்டு

பிறரைச் சொல்லும்போது நம்மையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

மூத்த பிட்டர்களில் சிலர் தாங்கள் கண்ட வித்தையை மடியில் முடிந்து வைத்துக் கொள்கிறார்கள். "நான் சொல்லிக் குடுத்துட்டா நாளைக்கு என்னை யார் தேடுவாங்க?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. வேலைக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் வித்தைதான் அவருக்கு உத்தரவாதம். ஆனாலும் அவரிடம் நான் சொன்னேன்: "உங்கள் மகன் வயதுள்ள பையன் நாளை அதே பெல்ட்டுக்கு அடியில் படுப்பானே, பெரியவரே!" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பையன்கள் இருவரைக் கூட்டிக் கொண்டு கியர் பாக்ஸ் பக்கம் போனதைப் பார்த்தேன்.

சங்கங்களின் குறை இதைவிடப் பெரிது. போனஸ், பஞ்சப்படி, பதவி உயர்வு ஆகியவற்றுக்குக் கூட்டம் போடுகிறோம். பராமரிப்பு நிர்வாகத்தின் விவகாரம் என்று விட்டுவிட்டோம். 1955-ம் வருஷச் சுரங்க விதிகளில் பின்னால் சேர்க்கப்பட்ட பிரிவுகளை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? 100 பேருக்கு மேல் உள்ள சுரங்கத்தில் பாதுகாப்புக் குழு, 500 பேர் உள்ள சுரங்கத்தில் சங்கங்களைக் கலந்து நியமிக்கப்படும் தொழிலாளர் ஆய்வாளர்கள் என்று அங்கே எழுதப்பட்டது. யந்திரங்களைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆய்வாளர். அவர் கண்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மேலாளர் அதற்கு என்ன செய்தார் என்று எழுத வேண்டும். போராடிப் பெற்ற இந்த ஆயுதத்தைப் பல இடங்களில் துருப்பிடிக்க விட்டோம். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தின் அட்டை மாறினாலும் இந்த உரிமையில் ஓர் எழுத்துக்கூடக் குறையச் சம்மதிக்க மாட்டோம் என்று நாம் உறுதியாக நிற்க வேண்டும்.

நாம் கேட்பது

1. பிரேக், ஸ்டியரிங், தீயணைப்புக் கருவி ஆகியவற்றில் கோளாறு என்று ஓட்டுநர் எழுதினால், அது சரியாகும் வரை வண்டி ஓடக் கூடாது. ஓட்டு என்று உத்தரவிடுகிறவர் தம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

2. ஷிப்டு ஆரம்பத்தில் யந்திரத்தைச் சுற்றிப் பார்க்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

3. பராமரிப்புக்காக நிறுத்திய யந்திரத்துக்குப் பூட்டுப் போட வேண்டும். சாவி, அதில் வேலை செய்கிறவன் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

4. பராமரிப்புப் புத்தகங்கள் தமிழில் வர வேண்டும். பட்டறைச் சுவரில் தொங்க வேண்டும்.

5. மாதம் ஒருமுறை, பக்கத்துச் சுரங்கங்களின் பிட்டர்கள், எலெக்ட்ரீஷியன்கள், ஓட்டுநர்கள் ஓரிடத்தில் கூடி, வந்த கோளாறையும் கண்ட பரிகாரத்தையும் சொல்ல வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அங்கே இடம் வேண்டும். சொன்னதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது.

6. நிரந்தரமான பராமரிப்பு வேலைக்கு நிரந்தரமான தொழிலாளி வேண்டும்.

இவற்றில் ஐந்தாவதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. சங்க அலுவலகத்தில் பாய் விரித்து நாமே ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் அந்தத் தகட்டுத் துண்டின் கதையை எழுதுங்கள்: என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, என்ன செய்தோம். படம் போடத் தெரிந்தவர் படம் போடட்டும். அடுத்த சுரங்கத்துக்கு அதன் நகல் போகட்டும்.

கால் முறிந்த தோழர் இன்னும் நடக்கவில்லை. அவருடைய லாக் புக்கின் மூன்று பக்கங்களைச் சங்கம் நகலெடுத்து வைத்திருக்கிறது. விசாரணையில் அவை பேசும். யந்திரத்தைக் கொன்றவர்கள் யார் என்று அவை சொல்லும்.

ஆனால் விசாரணை நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம், தோழர்களே. இன்று இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன் குனிந்து அந்தத் திருகைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்துச் சுரங்கத்துக்கும் சொல்லுங்கள்!