நோன்பும் பள்ளிமணியும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில், உப்பனாற்றை ஒட்டி அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தொழிலாளிக்குப் பண்டிகை விடுமுறை சட்டம் தந்த உரிமை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவை போக, ஆண்டுக்கு ஐந்து பண்டிகை விடுமுறைகள் உண்டு. எந்தெந்தப் பண்டிகைகள் என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளரையும் கலந்தே அச்சட்டப்படி அமர்த்தப்பட்ட ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் ஆண்டுக்கு மூன்று நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு இருக்கிறது. பிள்ளையின் தொழுகையும் நோன்பும் விரத மாலையும் மட்டும் பெரும்பாலும் தலைமையாசிரியரின் மனத்தைப் பொறுத்தே அமைகின்றன.

ஊரே கொண்டாடும் விழாவுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. மார்கழித் திருவாதிரையில் சிதம்பரம் நடராசர் கோயில் ஆருத்ரா தரிசனத்துக்காக மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாவதும் வழக்கம். பாடவேளையும் குறையாது, யாரும் தனியே போய் அனுமதி கேட்டு நிற்கவும் வேண்டாம். வகுப்பில் ஐந்தாறு பேர் மட்டும் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்குத்தான் அந்தந்தப் பிள்ளை தனியாகக் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கூட்டாகத்தான் தொழ வேண்டும். நண்பகலை ஒட்டிய அந்த நேரம் தவறினால், பிறகு தனியே தொழும் லுஹர் எனும் நண்பகல் தொழுகை அதற்கு இணையாகாது. மதிய இடைவேளைக்குள் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பி, சோறும் உண்டு வகுப்பில் உட்கார நேரம் போதாது. கேரளப் பள்ளிகள் வெள்ளிக்கிழமை மட்டும் மதிய இடைவேளையை நீட்டி இதைத் தீர்த்திருக்கின்றன. இலங்கை இன்னும் ஒரு படி மேலே போனது: அங்குள்ள முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமலான் மாதத்தை விடுமுறையாக்கும் தனித் தவணை அட்டவணை இருக்கிறது.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலையிடும் மாணவரின் தேவை வேறு வகை. அவர் நேரம் கேட்பதில்லை. கழுத்தில் துளசி மாலை, சிலருக்குக் கறுப்பு வேட்டி, வெறுங்கால், மண்டலக் கணக்கில் விரதம். சீருடைக்குள் மாலை இருப்பதால் எந்தப் பாடமும் தடைபடாது. வேட்டி சீருடைக்குப் பதிலாக வருவது. அதைப் பள்ளி யோசித்தே முடிவெடுக்க வேண்டும். வெறுங்காலோ ஆய்வகத்தில் பாதுகாப்புக் கேள்வி. ஒரே விரதத்துக்குள் மூன்று தனித்தனி விடைகள் இருக்கும்போது, எல்லாவற்றையும் சேர்த்து “கூடாது” என்பதும் “ஆகட்டும்” என்பதும் சோம்பல்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இடம் கொடுக்கும் பழக்கம் புதிதல்ல. சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். காரணம் சமயமா, வீட்டு வழக்கமா என்று யாரும் துருவுவதில்லை. சாத்திரச் சான்றும் கேட்பதில்லை. கிறித்தவப் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் வேளையில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் அமர்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் கூறே துணை நிற்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோரின் இசைவின்றி ஒரு பிள்ளையைச் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது. ஆனால் அந்தக் கூறு தடுப்பது கட்டாயத்தை மட்டுமே. பிள்ளையின் சொந்த வழிபாட்டுக்குப் பள்ளி இடம் தர வேண்டுமா என்பதை அது பேசவில்லை.

அந்த இடைவெளியை நீதிமன்றங்கள் நிரப்பப் பார்த்தன. 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண்ணின்போது எழுந்து நின்றும் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். நம்பிக்கை உண்மையானதா என்பதே அங்கே கேள்வி. சென்னை மாகாணத்திலிருந்து போன சிரூர் மடம் வழக்கின் 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த அளவுகோல் வேறு: ஒரு வழக்கம் அந்தச் சமயத்துக்கு இன்றியமையாததா? அதைக் கொண்டே 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இன்றியமையாதது அல்ல என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். பள்ளிக்குள் இந்த அளவுகோல் பொருந்தாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வேதநூல் வல்லுநர் அல்லர், தலைமையாசிரியரும் அல்லர்.

இதைவிடத் தெளிவான வழியைக் காட்டியது தமிழ்ப் பின்னணி கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி 2004-இல் மூக்குத்தி அணிந்து பள்ளிக்கு வந்தார். பெண் பருவமடைந்ததைக் குறித்துக் குடும்பம் செய்யும் வழக்கம் அது. பள்ளி விதி காதணிக்கு மட்டுமே இடம் தந்தது. 2007-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் மாணவியின் பக்கம் நின்றது. மூக்குத்தி கட்டாயக் கடமை அல்ல, விரும்பி ஏற்ற வழக்கம் என்பதால் பாதுகாப்புக் குறையாது என்றார் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா. விதிவிலக்கு தந்தால் பள்ளியின் ஒழுங்கு உண்மையில் கெடுமா என்பதையும் அந்த மன்றம் எடைபோட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் கையில் எடுக்க வேண்டிய கேள்வி இதுதான்.

அந்தக் கேள்வி “முடியாது” என்ற விடையையும் தரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை கோரி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியை அறிவிக்கும் வண்ணக் கயிறு பக்கத்தில் உட்காரும் பிள்ளையை அச்சுறுத்துகிறது. அதற்குப் பள்ளியில் இடமில்லை. ஆனால் காலையில் தாய் பூசிவிடும் திருநீற்றை அந்தக் கயிற்றோடு ஒரே பட்டியலில் வைப்பது சரியல்ல. நெற்றிக் குறியும் சில ஊர்களில் சாதி அடையாளமாகிறது என்பது உண்மை. அங்கே அந்த ஊர் நிலவரத்தைப் பார்த்தே முடிவெடுக்கலாம்.

முடிவெடுக்கும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கோரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். சிப்காட்டில் ஆய்வாளர் இரு தரப்பையும் கலந்து பண்டிகைப் பட்டியல் போடுவதைப்போல, ஜூன் மாதக் கூட்டத்திலேயே அந்த ஆண்டின் விரதங்களையும் தொழுகை நேரங்களையும் எழுதி வைக்கலாம். பொதுத் தேர்வு நாளைப் பள்ளி நகர்த்த முடியாது. 2025-இல் ரமலான் நோன்பு தொடங்கிய மறுநாளே, மார்ச் 3-ஆம் தேதி, பிளஸ் டூ தேர்வு தொடங்கியது. நோன்பிருந்த பிள்ளைகள் அப்படியே எழுதினார்கள். ஆனால் அலகுத் தேர்வை வெள்ளி மதியத்திலிருந்து வியாழனுக்கு மாற்றுவதும், நோன்பிருக்கும் பிள்ளையை வெயிலில் ஓடவிடாமல் உடற்கல்வி வேளையில் நிழலில் உட்கார வைப்பதும், சத்துணவு வேளையில் நூலகத்தைத் திறந்து வைப்பதும் முழுக்கப் பள்ளியின் கையிலேயே இருக்கின்றன.