அறுவடை நாளின் ஹக்கு

மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்று நம் முன்னோர் வகுத்தனர். அதற்குச் சற்று முன்பே, தை மாதத்தின் நடுவிலிருந்து மதுரைச் சமவெளியின் நெல் வயல்கள் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கின்றன. எங்கள் செல்லூரில் கண்மாய் இருக்கிறது. அதைச் சுற்றி வீடுகளும் தறிகளும் நெருங்கிவிட்டன. அறுவடையைக் காண வேண்டுமாயின் வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர்ப் பக்கம் செல்ல வேண்டும். 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்கு வந்து, இந்தப் பகுதிகளுக்குப் பாய்கிறது. பெரியாறு பிரதானக் கால்வாயில் ஒருபோகப் பாசனம் மட்டும் 85,563 ஏக்கர்.

இந்நாள்களில் உழவர் வீட்டின் பொழுது பனியைப் பொறுத்தே அமைகிறது. ஃபஜ்ரு தொழுதுவிட்டு வயலுக்குச் சென்றாலும் உடனே அறுக்க இயலாது. கதிரின் ஈரம் உலரும் வரை அறுவடை இயந்திரம் வரப்போரம் காத்து நிற்கும். வெயில் ஏறியபின் இறங்கினால் ஓர் ஏக்கர் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அறுப்பதும் அடிப்பதும் தூற்றுவதும் அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்து, நெல் நேரே டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது.

உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே பகலெல்லாம் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறி, மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். இரவுப் பனி இறங்கினால் காய்ந்த நெல் மீண்டும் ஈரம் குடிக்கும். முறை வரும்வரை குவியலின் அருகிலேயே போர்வை போர்த்திப் படுத்திருப்போர் பலர். வீட்டுப் பெண்கள் அங்கேயே சோறு கொண்டு செல்கின்றனர். முறை வந்ததும் 40 கிலோ சாக்குகளில் நெல் எடை போடப்படுகிறது. பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 2025-26ஆம் கொள்முதல் பருவத்திற்குக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய் என்று தமிழக அரசு விலை வைத்தது.

இந்த வரிசையில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கவனித்தீர்களா? களம் இல்லை.

முன்பு கட்டுகளைக் களத்துமேட்டில் அடித்துப் பொலி தூற்றும்போது ஓரத்தில் பலர் நிற்பார்கள். கொல்லர், தச்சர், சலவைத் தொழிலாளி ஆகியோர் ஆண்டு முழுதும் செய்த ஊழியத்திற்கான கூலியை அங்கே பெற்றனர். அது தர்மம் அன்று. ஆயின் அவர்களுக்குப் பின்னால் முறத்தோடு ஒரு விதவையும், சிந்திய கதிர் பொறுக்கும் பிள்ளைகளும் நின்றனர். அவர்களைப் பார்த்துக்கொண்டே வெறுங்கையோடு அனுப்புவது எவருக்கும் எளிதாக இருந்ததில்லை. இன்று இயந்திரத்துக்கும் சாக்குக்கும் இடையில் ஏழை நிற்க இடமே இல்லை. எவரும் தீய எண்ணத்தோடு இப்படி ஆக்கவில்லை. எனினும், திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயமான அல்கலமில் சொல்லப்படும் தோட்டக்காரர்களின் வரலாறு நினைவுக்கு வராமல் இல்லை. ஏழைகள் வந்து சேருமுன் விடியற்காலையிலேயே பறித்துவிட வேண்டும் என்று அவர்கள் சபதம் செய்தனர். சென்று பார்த்தபோது தோட்டமே அழிந்து கிடந்தது.

ரமளானில் ஜகாத்தைக் காசு காசாகக் கணக்கிடும் நம் குடும்பங்களில், நெல்லுக்கும் ஒரு கடமை உண்டு என்பதை அறியாதோர் இருக்கின்றனர். அதுவே உஷ்ர். இதற்கு ஓராண்டு நிறைய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் அறுவடை நாளிலேயே அதன் ஹக்கைக் கொடுத்துவிடப் பணிக்கிறது. இருபோகம் விளைந்தால் இருமுறை கொடுக்க வேண்டும். மழையாலும் ஊற்றாலும் விளைந்ததில் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த அளவு. இப்னு உமர் (ரலி) அறிவிக்க, புகாரியில் பதிவாகியுள்ளது.

கிணற்று மோட்டாரில் பயிரிட்டவர் இரண்டு ஏக்கரில் நூறு சாக்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கொடுக்க வேண்டியது ஐந்து சாக்கு, அதாவது 200 கிலோ. பொது ரக விலையில் 5,000 ரூபாய். மின்சாரம் இலவசமாயிற்றே, அப்படியானால் பத்தில் ஒன்றா என்று கேட்போர் உண்டு. ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் இலவசமாக வரவில்லையே! கால்வாய் நீர் தானே பாய்வதால் பத்தில் ஒன்று என்போரும், தீர்வை கட்டிப் பெறுவதால் இருபதில் ஒன்று என்போரும் உலமாக்களில் உள்ளனர். நம் நாட்டு நிலங்களுக்கு உஷ்ர் கடமையா என்பதிலேயே ஹனஃபி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும் கொடுத்துவிடுவதே பேணுதல் என்பதை மறுப்போர் அரிது.

எவ்வளவு விளைந்தால் கடமையாகும்? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் குறைந்த அளவென்று ஒன்று இல்லை. அவர்களின் மாணவர்கள் இருவரும் ஐந்து வஸக் என்றனர். அது இக்கால எடையில் ஏறத்தாழ 650 கிலோ என்று பலரும் கணக்கிடுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில், உமியோடு இருக்கும் நெல்லுக்கு அதன் இருமடங்கு.

செல்லூரில் குடியிருந்துகொண்டு கிராமத்து நிலத்தைப் பிறரிடம் விட்டிருப்போருக்கு ஒரு சொல். வாரத்துக்கு விட்டிருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் கொடுக்க வேண்டும். பணக் குத்தகையாயின் பயிர் எவருடையதோ அவர் மீதே கடமை என்பது பெரும்பாலோர் கூற்று. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மட்டும் நில உரிமையாளர் மீது என்றார்கள்.

நெல்லாகக் கொடுக்காமல் கிரயத்தைக் கொடுப்பதை ஹனஃபி மத்ஹபு அனுமதிக்கிறது; ஷாஃபிஈகள் தானியமாகவே கொடுப்பர். எதுவாயினும், கொள்முதல் நிலையத்துக்கு வண்டி புறப்படுமுன் அந்தச் சாக்குகளைத் தனியே இறக்கி வைப்பது நலம். வங்கியில் பணம் ஏறியபின் உரக்கடைக் கடனும் நகைக் கடனும் முந்திக்கொள்ளும். அந்தச் சாக்குகளுக்கு உரியவர்கள் பெரும்பாலும் அதே ஊரில், இயந்திரம் வந்ததால் அறுப்புக் கூலி இழந்தவர்களாக இருப்பார்கள்.